மிட்ஃபீல்டர் ஆக நினைப்பவருக்கு: முதல் பாஸிலிருந்து ஒப்பந்தம் வரை

90 நிமிடக் கால்பந்து ஆட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டரின் (நடுக்கள ஆட்டக்காரரின்) காலில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே பெரிது. அதே ஆட்டத்தில் அவர் ஓடுவதோ 10 முதல் 12 கி.மீ. மற்ற நேரமெல்லாம் இடம் பிடிப்பது, திரும்பிப் பார்ப்பது, எதிரணியின் பாஸ் வழியை அடைப்பது, கூட வரும் ஆளுக்குக் குரல் கொடுப்பது என்றே போகிறது. புதிதாக வருபவர்கள் அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் பயிற்சி எடுக்கிறார்கள். பந்தை வைத்து எல்லா வித்தையும் தெரிந்த பலர் தொழில்முறை அணியில் நுழைய முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

13, 14 வயதில் தொடங்கி முதல் ஒப்பந்தம் வரைக்கும், அதன்பின் வரும் சில ஆண்டுகளுக்கும் எதை எந்த வரிசையில் செய்வது என்று இங்கே பார்க்கலாம். ஆண், பெண் இருவருக்கும் இதே பாதைதான். மாறும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

முதலில்: நடுக்களத்தில் எந்த இடம்?

பயிற்சியாளர்கள் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். 6 என்றால் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர். 8 என்றால் இரண்டு பெனால்டி பகுதிகளுக்கும் இடையே ஓடுபவர். 10 என்றால் எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவில் பந்து வாங்குபவர். நாட்டுக்கு நாடு எண் கொஞ்சம் மாறும். அர்ஜென்டினாவில் தடுப்பு மிட்ஃபீல்டரை 5 என்றே அழைப்பார்கள். ஜெர்சியில் என்ன எண் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேலையைத்தான் இந்த எண் குறிக்கிறது.

உங்களுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க, உங்கள் ஆட்டத்தின் காணொளியை எடுத்துப் பந்து பறிபோகும் நொடிகளை மட்டும் பாருங்கள். பறிபோன மறுகணம் உங்கள் கால் தானாகப் பின்னால் ஓடி நடுவை மூடுகிறதா? 6 பக்கம் போகலாம். பந்தைத் துரத்திப் பாய்கிறதா? 8. அப்படியே நின்று கையை விரித்துப் பார்க்கிறீர்களா? 10 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் தடுக்க ஓடாத 10க்கு இன்று வேலை குறைவு. பல அணிகள் 4-3-3 அமைப்பில் (தடுப்பில் 4, நடுவில் 3, முன்னால் 3 பேர்) இறங்குகின்றன. பந்தை இழந்ததும் முன்னாலிருந்தே அழுத்தம் கொடுக்கச் சொல்கின்றன. 10இன் நுட்பம் உள்ளவர் 8இன் ஓட்டத்தையும் கற்றுக்கொண்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

16 வயதுக்கு முன் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ 10 ஆக வளர்ந்தவர். 2001இல் பிரெஷா அணியில் பயிற்சியாளர் கார்லோ மாட்சோனே அவரைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கினார்; அவர் பெயர் நிலைத்தது அந்த இடத்தில்தான். ஜெர்மனியின் பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர் விங்கிலிருந்து (களத்தின் ஓரத்திலிருந்து) நடுவுக்கு வந்தவர். அதே நாட்டின் பிலிப் லாம் உலகத்தரமான ஃபுல்-பேக்காக (ஓரத் தடுப்பாட்டக்காரராக) இருந்தபோதே நடுக்களத்துக்கு மாற்றப்பட்டார். பயிற்சியாளர் வேறு இடத்தில் ஆடச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு சீசன் ஃபுல்-பேக்காக ஆடியவருக்கு, விங்கர் எப்போது உள்ளே வெட்டுவார் என்பது பிறகு நடுவில் நிற்கும்போது முன்கூட்டியே தெரியும்.

பார்க்கக் கற்பது

இந்த வேலையின் ஆணிவேர் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று போகலாம். பந்து உங்களிடம் வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய வீரர்களை நெருக்கத்தில் படம்பிடித்து, பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். அதிகம் திரும்பிப் பார்ப்பவர்களே முன்னோக்கிய பாஸை அதிகம் வெற்றிகரமாகக் கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. ஸ்பெயின் மிட்ஃபீல்டர் ஷாவி எர்னாண்டஸ் இந்த விஷயத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம்.

எப்போது பார்ப்பது? பந்து இரண்டு கூட்டாளிகளுக்கு இடையே உருண்டுகொண்டிருக்கும்போது. அந்தக் கணத்தில் பந்துக்கு எதுவும் நேராது, நீங்கள் கண்ணை எடுக்கலாம். கூட்டாளி பந்தைத் தொடும் கணத்தில் பார்வை அவரிடம் திரும்பிவிட வேண்டும். அவர் எங்கே அடிக்கப் போகிறார் என்பதை அவர் இடுப்பும் தாங்குகாலும் சொல்லும். பந்து உங்களை நோக்கிப் புறப்பட்ட பிறகு இன்னொரு சின்னப் பார்வை. மூன்றாவதாகச் சொன்ன இந்தப் பார்வையைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். முதலில் பார்த்தபோது 6 மீட்டர் தள்ளி நின்ற எதிராளி, பாஸ் வந்து சேர்வதற்குள் முதுகோடு ஒட்டியிருப்பார்.

பயிற்சி எளிது. சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி நின்று பாஸ் அடியுங்கள். பின்னால் 5 மீட்டரில் ஒருவர் நின்று, பந்து சுவரிலிருந்து திரும்பும்போது விரல்களைக் காட்டட்டும். பந்தைத் தொடுவதற்கு முன் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். 3 நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி 4 முறை. சத்தமாகச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் தலை திரும்பும், கண் எதையும் வாங்காது. பயிற்சியாளர் சொன்னார் என்பதற்காகச் சடங்குபோலத் தலையை ஆட்டும் வீரர்களை எல்லா அகாடமியிலும் பார்க்கலாம்.

பார்த்ததைப் பயன்படுத்த உடம்பு திறந்திருக்க வேண்டும். பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நின்றால் வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. இடுப்பைச் சுமார் 45 பாகை திருப்பி, ஒரு தோள் கொடுப்பவர் பக்கமும் மறு தோள் எதிரணி கோல் பக்கமும் இருக்கும்படி நின்று, பந்தைத் தூரத்துக் காலால் வாங்குங்கள். பின்னால் ஆள் இல்லையென்றால் முதல் தொடுதலிலேயே ஒன்று ஒன்றரை மீட்டர் முன்னே தள்ளிவிடலாம். ஆள் ஒட்டியிருந்தால் அவருக்கும் பந்துக்கும் நடுவே உடம்பை வைத்து, ஒரே தொடுதலில் வந்த பக்கமே கொடுத்துவிட்டு இடம் மாறுங்கள். பின்னோக்கிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரும்ப முடியாத இடத்தில் திரும்பிப் பந்தை இழப்பதுதான் மிட்ஃபீல்டர் செய்யக்கூடிய மோசமான தவறு. அந்த நேரம் உங்கள் அணி முழுவதும் முன்னால் விரிந்து கிடக்கும். பின்னால் இருப்பது இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் மட்டும்.

பந்துப் பயிற்சி: என்ன, எவ்வளவு

அணிப் பயிற்சி தவிர வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 முதல் 40 நிமிடம் தனியாக எடுத்தால் போதும். 5ஆம் அளவுப் பந்தைப் பயன்படுத்துங்கள். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். 12 வயதுக்குக் கீழே 4ஆம் அளவு. காற்றுக் குறைந்த பந்தில் பழகுவது கெடுதல். அது காலில் ஒட்டிக்கொள்ளும், ஆட்டத்தில் சரியான பந்து வந்ததும் துள்ளி ஓடிவிடும்.

சுவர் பாஸில் தொடங்குங்கள். 5 முதல் 8 மீட்டரில், இரண்டு தொடுதலில், நல்ல காலால் 50 என்றால் மற்ற காலால் 100. பிறகு ஒரே தொடுதலில். பாஸின் வேகம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. தொடக்கக்காரரின் பாஸ் திசை தப்புவதைவிட மெதுவாகப் போய்க் கெடுவதே அதிகம். 15 மீட்டர் பாஸ் ஊர்ந்து போனால், அது போய்ச் சேருமுன் எதிராளி கூட்டாளியை நெருங்கிவிடுவார். பாஸ் சரியாகத்தான் போயிருக்கும், ஆனால் பந்து வாங்கியவர் மாட்டிக்கொள்வார். எந்தக் காலுக்குக் கொடுப்பது என்பதும் ஒரு செய்திதான். எதிராளிக்கு அப்பால் உள்ள காலுக்குக் கொடுத்தால் ‘திரும்பலாம்’ என்று பொருள். பக்கத்துக் காலுக்கு, பின்னோக்கிக் கொடுத்தால் ‘ஆள் இருக்கிறான், திருப்பிக் கொடு’ என்று அர்த்தம்.

அடுத்து நீண்ட பாஸ். 30 மீட்டரில் 5 மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு காலாலும் 10. அதற்கு மேல் அடித்தால் தொடை இடுக்கின் தசை இழுக்கும். களைத்தபின் அடிக்கும் நீண்ட பாஸ் தப்பான அசைவைத்தான் பழக்கும்.

ஆள் சேர்ந்தால் ரோண்டோ ஆடுங்கள். 8 முதல் 10 மீட்டர் சதுரம், வெளியே 4 பேர், உள்ளே 2 பேர்; வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களிடம் சிக்காமல் பந்தைக் கடத்த வேண்டும். உள்ளே இருக்கும் இருவருக்கும் நடுவே பாஸ் போனால் இரண்டு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லோரும் பக்கத்து ஆளுக்கே கொடுத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஆட்டத்தில் தேவைப்படும், எதிரணி வரிசையை ஊடுருவும் பாஸ் வராது.

தடுப்பது எப்படி என்று யாரும் தனியாகப் பழகுவதில்லை, மிட்ஃபீல்டர் கூலியில் பாதி அதற்குத்தான். பந்து வைத்திருப்பவரை நோக்கி வேகமாகப் போங்கள், கடைசி 3 மீட்டரில் அடியைச் சுருக்குங்கள். பக்கவாட்டில் நின்று, அவரை ஓரக்கோட்டின் பக்கம் தள்ளும் கோணத்தில், ஒரு கை நீளத்தில் நில்லுங்கள். காலை நீட்டுவது அவர் பந்தைத் தன் உடம்பைவிட்டுத் தள்ளும் கணத்தில் மட்டும். படுத்துக்கொண்டு வழுக்கிப் போகும் டேக்கிளைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் நீங்கள் தரையில், அவர் உங்கள் கோலை நோக்கி. முதல் மஞ்சள் அட்டை 20ஆவது நிமிடத்தில் வந்துவிட்டால் மீதி 70 நிமிடம் பாதி மிட்ஃபீல்டராகத்தான் ஆட முடியும். இடைவேளையிலேயே பயிற்சியாளர் உங்களை எடுத்துவிடுவார், எடுப்பதும் சரி.

கார்னரும் ஃப்ரீ-கிக்கும் அடிக்கக் கற்றவருக்கு ஒரு கூடுதல் சாவி கிடைக்கிறது. பயிற்சி முடிந்தபின் 15 நிமிடம், வாரம் இரண்டு நாள், அருகிலுள்ள கம்பம், தூரத்துக் கம்பம் என்று இலக்கு வைத்து அடியுங்கள். இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால் பந்தை நிறுத்தி நன்றாக அடிப்பவர் பெயர்தான் பட்டியலில் வரும்.

உடம்பு

தினமும் 10 கி.மீ. மெதுவாக ஓடுவதுதான் மிட்ஃபீல்டர் பயிற்சி என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டத்தின் 10 கி.மீ. ஒரே சீராக வருவதில்லை. நடை, மெல்லோட்டம், திடீர் வேகம், நிறுத்தம், திரும்புதல் என்று துண்டு துண்டாக வருகிறது. மெதுவாக மட்டும் ஓடிப் பழகியவர் 90 நிமிடமும் களத்தில் இருப்பார், எந்தப் பந்துக்கும் நேரத்தில் போய்ச் சேர மாட்டார்.

மூச்சுத் திறனுக்குப் பழைய, நம்பகமான முறை ஒன்று உண்டு. உச்ச இதயத்துடிப்பில் 90 முதல் 95 விழுக்காட்டில் 4 நிமிட ஓட்டம், 3 நிமிடம் மெல்லோட்டம், இப்படி 4 சுற்று, வாரம் இரு முறை. ஆள் இருந்தால் 30க்கு 20 மீட்டர் களத்தில் 4க்கு 4 ஆட்டத்தையே 4 நிமிடச் சுற்றுகளாக ஆடலாம். பந்து வெளியே போனதும் புதுப் பந்து உடனே உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் துடிப்பு இறங்கிவிடும். முன்னேற்றத்தை அளக்க யோ-யோ சோதனை போதும்: 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி, 10 நொடி ஓய்வெடுத்து, ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. 6 வாரத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

வேகத்துக்கு 10 முதல் 30 மீட்டர் ஓட்டம், 6 முதல் 8 முறை, ஒவ்வொன்றுக்கும் பின் முழு ஓய்வு. மூச்சு வாங்க வாங்க ஓடினால் அது வேகப் பயிற்சி ஆகாது. வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி, அதில் பின்தொடைக்கான நார்டிக் பயிற்சியும் (முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, மெல்ல முன்னால் சாய்வது), தொடை இடுக்குக்கான கோபன்ஹேகன் பயிற்சியும் (பக்கவாட்டில் படுத்து, மேல் காலை உயரத்தில் தாங்கவைத்து உடம்பைத் தூக்குவது) கட்டாயம் இருக்கட்டும். திரும்பித் திரும்பி ஓடும், நீண்ட பாஸ் அடிக்கும் மிட்ஃபீல்டருக்கு அதிகம் காயப்படும் இடங்கள் இவை இரண்டும். முதல் வாரத்தில் நார்டிக்கை 5 முறைக்கு மேல் செய்யாதீர்கள்; மறுநாள் படியிறங்க முடியாது.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. மூன்று பகுதி, 15 பயிற்சி, சுமார் 20 நிமிடம். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்தது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன்.

உயரம் வேகமாகக் கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே அல்லது குதிகாலில் வலி வந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரம் ஆகாது. குதிப்பையும் வேக ஓட்டத்தையும் சில வாரம் குறையுங்கள், பாஸ் பயிற்சி தொடரலாம். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி எது வந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. மருத்துவர் சொல்லும்வரை திரும்பக் கூடாது. முழங்கால் முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழிந்து அறுவை செய்தவர்கள் 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படுத்தும் எந்தப் பயிற்சியாளரின் பேச்சையும் கேட்க வேண்டாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: ஆட்டத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் முன் மாவுச்சத்து நிறைந்த, கொழுப்பும் நாரும் குறைந்த உணவு. முடிந்த முதல் மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1 கிராம் மாவுச்சத்தும், மொத்தமாக 20 முதல் 25 கிராம் புரதமும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் நீர். ஆட்ட நாளில் புது உணவைச் சோதிக்காதீர்கள். பொடி, மாத்திரை எதை வாங்கினாலும் தடைப்பொருள் சோதனை செய்த முத்திரை உள்ளதா என்று பாருங்கள். ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்பது ஊக்கமருந்து விதிகளில் தப்பிக்க உதவாது. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு.

கண்ணில் படுவது: அகாடமி, டிரையல் (தேர்வு ஆட்டம்), காணொளி

வயதுப் பிரிவு அணிகளில், வயதைக் கணக்கிடும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள். 12 வயதில் பத்து மாத மூப்பு என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம், தேர்வாளர்கள் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாமதமாக வளரும் பிள்ளைகள் 14இல் கழித்துவிடப்பட்டால் அங்கேயே முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. என்கோலோ காண்டே 21 வயதில் பிரான்ஸின் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் லெஸ்டருடன் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம், 2017இல் செல்சியுடன் மறுபடி, 2018இல் உலகக் கோப்பை. லூக்கா மோட்ரிச்சை குரோவேஷியாவின் டினமோ ஸாக்ரெப் கிளப் 18 வயதில் போஸ்னிய லீக்குக்கு லோனில் (வேறு கிளப்பில் தற்காலிகமாக ஆட) அனுப்பியது. 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் விருதை வாங்கினார். இருவருக்கும் பொதுவானது, பெயரில்லாத அணியாக இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டம் ஆடியது. பெரிய கிளப்பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பதைவிடச் சின்ன கிளப்பில் 30 ஆட்டம் ஆடுவது மேல். 17 முதல் 21 வயதுவரை எந்த முடிவை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘அங்கே போனால் எத்தனை நிமிடம் ஆடுவேன்?’

டிரையலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். உறுதியான தரைக்கும் ஈரத் தரைக்கும் தனித்தனி பூட்ஸ், ஷின் கார்டு, அடையாள அட்டை, மருத்துவச் சான்று. புது பூட்ஸ் வேண்டாம், கொப்புளம் வரும். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டால் ஒரே இடத்தைச் சொல்லுங்கள், இரண்டாவது இடத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பவரை மிச்சமிருக்கும் இடத்தில் போட்டுவிடுவார்கள்.

டிரையல் ஆட்டம் மிட்ஃபீல்டருக்குப் பகை. யாரும் பாஸ் கொடுக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் தன்னைக் காட்டிக்கொள்ள பந்தை வைத்து ஓடுவார்கள், நீங்கள் நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பீர்கள். அதனால் பந்து வரும் இடத்துக்கு நீங்களே போக வேண்டும். தடுப்பு வரிசையின் காலடியில் இறங்கி வாங்குங்கள். கோல்கீப்பர் நீளமாக அடிக்கும்போது விழும் இரண்டாவது பந்துக்கு முன்கூட்டியே நகருங்கள். அங்கே பாஸ் கொடுக்க யாரும் தேவையில்லை. முதல் பத்து நிமிடம் ஒரு தொடுதல், இரண்டு தொடுதல் மட்டும். இழந்த பந்துக்கு ஐந்து நொடி துரத்துங்கள். பேசுங்கள்: ‘ஆள்’, ‘திரும்பு’, ‘நேரமிருக்கு’. தேர்வாளர்கள் குறித்துக்கொள்வது பெரும்பாலும் பந்தில்லாத நேரத்தில்தான்.

காணொளி 3 முதல் 4 நிமிடம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உங்களை வட்டமிட்டுக் காட்டுங்கள். பந்து வருவதற்கு 4, 5 நொடி முன்பிருந்தே ஆரம்பியுங்கள்; நீங்கள் திரும்பிப் பார்த்தது தெரியாவிட்டால் மிட்ஃபீல்டர் காணொளியில் சரக்கே இல்லை. கோலை மட்டும் அடுக்காமல், தடுத்தது, இரண்டாவது பந்து வென்றது, அழுத்தத்தில் வெளியே கொண்டுவந்தது எல்லாம் இருக்கட்டும். இசை வேண்டாம். பிறந்த தேதி, உயரம், எந்தக் கால், இடம் ஆகியவற்றோடு இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பையும் சேருங்கள். ஆர்வம் வந்த தேர்வாளர் முழு ஆட்டத்தைத்தான் கேட்பார்.

மோசடி இங்கேதான் நுழையும். வெளிநாட்டு கிளப்பில் டிரையல், பதிவுக் கட்டணம் அனுப்பு, விசாவுக்குப் பணம் அனுப்பு என்று வரும் செய்திகளில் உண்மை அரிது. கிளப் முத்திரையிட்ட கடிதம் வந்தாலும், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணுக்குப் பேசாமல், கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டை யார் கையிலும் விட்டு வைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேறு நாட்டுக்கு மாற்றுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது, எல்லையோரக் கிளப், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயது என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆகவே 15 வயதுப் பையனுக்கு வேறு கண்டத்தில் ஒப்பந்தம் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

ஒப்பந்தம்

ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் 3 ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. பெரியவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு வரை. கையெழுத்திட்ட ஒப்பந்தம் மருத்துவச் சோதனையிலோ வேலை அனுமதியிலோ தங்கியிருக்க முடியாது. அதனால் சோதனைகளை முதலில் முடித்துவிட்டுத்தான் கிளப் பேனாவை நீட்டும். ‘கையெழுத்துப் போடு, மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது’ என்று எழுதியிருந்தால் அது தவறு.

படிக்கும்போது பார்க்க வேண்டியவை: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், ஊக்கத்தொகை தொடக்க அணிக்கு மட்டுமா, மாற்று ஆட்டக்காரராக வந்தாலும் உண்டா, காயத்தின்போது சம்பளமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் எவ்வளவு வெட்டு, கிளப் மட்டும் நீட்டிக்கக்கூடிய ஆண்டு ஏதும் உள்ளதா. கடைசியில் சொன்னது சின்ன எழுத்தில் இருக்கும், உங்களைக் கட்டிப்போடுவதும் அதுதான். உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன வீடு, பயணச்சீட்டு எல்லாம் எழுத்தில் வராவிட்டால் இல்லை என்றே கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வைத்தால் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று ஃபிஃபா தளத்தில் பாருங்கள். ஃபிஃபா விதியில் வீரருடனான பிரதிநிதி ஒப்பந்தம் 2 ஆண்டுக்கு மேல் போகாது, தானாகப் புதுப்பிக்கப்படவும் கூடாது. சிறார் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உறவினர் ஏஜென்ட்டாக இருப்பது வசதி போலத் தெரியும். கிளப்போடு சண்டை வரும்போது குடும்பமும் சேர்ந்து உடையும்.

ஆண்கள் கால்பந்தில் 23 வயதுவரை வேறு நாட்டுக்குப் போகும்போது ‘பயிற்சி இழப்பீடு’ என்ற தொகையை நினைவில் வையுங்கள். 12 முதல் 21 வயதுவரை உங்களை வளர்த்த கிளப்புகளுக்குப் புது கிளப் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தம் முடிந்த, மாற்றுத் தொகையில்லாத இளம் வீரரைச் சில கிளப்புகள் கடைசி நேரத்தில் கைவிடுவது இதனால்தான். பழைய கிளப்பிடம் இந்தத் தொகையைப் பற்றி முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொண்டால் வழி எளிதாகும்.

சம்பளம் இரண்டு மாதம் நின்றுவிட்டால், 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருகிறது. கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருந்தீர்களோ, ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். நோட்டீஸ் போகும்வரை தினமும் மைதானத்துக்குப் போங்கள், வங்கிப் பதிவுகளைச் சேர்த்து வையுங்கள், வீரர்கள் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பெண்களுக்குக் குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தோடு, 2021 முதல் ஃபிஃபா விதியில் உள்ளது. ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

முதல் அணியில் முதல் இரண்டு ஆண்டு

ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதி 2022இல் நிலையானது. இளம் மிட்ஃபீல்டருக்கு இது வரம். முதல் நிமிடங்கள் பெரும்பாலும் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகுதான் வரும், அதையே தனி வேலையாகப் பழகுங்கள். வெளியே இருக்கும்போது எதிரணியின் 6 எந்தக் காலால் ஆடுகிறார், எந்தப் பக்கம் களைத்திருக்கிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஓடுங்கள். உள்ளே போனதும் முதல் பாஸ் பாதுகாப்பானதாக இருக்கட்டும். ஆட்டத்தின் வேகம் காலில் ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

பாஸ் விழுக்காட்டைக் காட்டிப் பெருமைப்படாதீர்கள். 93 விழுக்காடு என்பது பக்கத்து ஆளுக்கே கொடுத்ததாக இருக்கலாம். கிளப் ஆய்வாளர்கள் பார்ப்பது முன்னோக்கிப் போன பாஸ், அழுத்தத்தில் காத்த பந்து, மீட்டெடுத்த பந்து, எதிரணி வேகமாகத் திரும்பும்போது உங்கள் இடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் ஆய்வாளரிடம் உங்கள் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐத்தானா போன்மதீ 2023இலும் 2024இலும் பாலோன் டி'ஓர் வென்ற மிட்ஃபீல்டர். அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் 15 நிமிடம் தொடர்ந்து பாருங்கள். எங்கே நடக்கிறார், எப்போது திடீரென்று ஓடுகிறார் என்பதில் பாடம் இருக்கிறது.

நிமிடம் கிடைக்கவில்லையென்றால் ஜனவரி மாற்றக் காலத்துக்கு முன் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். ‘ஏன் ஆடவிடவில்லை’ என்று கேட்டால் சமாதானம்தான் கிடைக்கும். ‘எதை மேம்படுத்தினால் ஆடவிடுவீர்கள்’ என்று கேளுங்கள். பதில் மங்கலாக இருந்தால் லோனுக்கு வழி பாருங்கள். லோன் கிளப்பைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், பந்தைத் தரையில் வைத்து நடுக்களம் வழியாக ஆடும் அணியா, உங்கள் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேல் நீளமாக அடிக்கும் அணியில் மிட்ஃபீல்டர் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டில் மட்டுமே ஆடலாம். தவறான லோனைத் திருத்த ஒரு வாய்ப்புதான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் 6 மாதம் மிச்சமிருக்கும்போது வேறு கிளப்புடன் நேரடியாகப் பேசலாம் என்பது ஃபிஃபா விதி. அந்தத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பே உங்கள் கிளப்பின் எண்ணம் என்னவென்று எழுத்தில் கேட்டுவிட்டால், கடைசி ஆறு மாதம் பேரம் பேசும் நிலையில் இருப்பீர்கள். கேட்காமல் விட்டவர்கள் ஒப்பந்தம் முடியும் ஜூன் மாதத்தில் காணொளி தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.